தண்ணி படக் கூடாத உப்பு

என் மகள் சீனாவில் படித்துக்கொண்டிருந்த வருடங்களில், கொழுந்து மலையில் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பிள்ளை என்ன படிக்கிறது? டொக்டருக்கு என்றோ இஞ்சினியருக்கு என்றோ சொல்ல முடிந்தால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். அவள் படித்தது இரண்டும் இல்லை. "பெட்ரோல் சம்பந்தமா" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த தேயிலைச் செடிக்கு நகர்ந்துவிடுவேன். எனக்கு நாலு பேர் முன்னால் நீளமாகப் பேச வராது. அன்றும் வராது, இன்றும் வராது.

வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்த என் அண்ணன் மனைவி மட்டும் விடமாட்டாள். மதினிக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"பெட்ரோல் செட்டுல நிக்கிறதுக்கா புள்ளையை சீனா வரைக்கும் அனுப்பின? நோர்வூட்லயே ஒண்ணு இருக்கே, பஸ்ஸுல போயிட்டு வந்துருவாளே."

கொழுந்து எடுக்கிற நிரையில் நிற்கிற எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பஸ்ஸில் போய்விட்டு வந்துவிடுகிற தூரம் என்பது மட்டும் கொஞ்ச நேரம் மனதில் நிற்கும்.

அவள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த பிறகு, சீன அரசாங்கத்தின் புலமைப்பரிசில் கிடைத்துப் போனாள். இரண்டாயிரமாம் ஆண்டு தாண்டிய சமயம். முதல் வருடம் முழுக்க அவர்கள் பாஷையைப் படித்தாள். பிறகுதான் இந்தப் பெட்ரோல் வேலை. அப்போது எங்களிடம் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நோர்வூட் டவுனில் ஒரு கொமினிகேசன் கடையில் போய் உட்கார்ந்திருப்பேன். அவள் அந்தக் கடை நம்பருக்கு எடுப்பாள். கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, என் பெயரைக் கேட்டதே இல்லை. மணி அடித்ததும், "சைனா அக்கா, வாங்க" என்பார். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறைக்குள் நுழைந்து நான் ரிசீவரைக் காதில் வைத்தால், முதலில் கடல் மாதிரி ஒரு இரைச்சல் கேட்கும். அதற்குள்ளிருந்து "அம்மா" என்று வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன்.

"பாப்பா, நீ அங்க என்னாதான் செய்ற? மலையில கேக்குறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

"யாரு, மாமியா கேக்குறாங்க?"

"எல்லாருந்தான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எண்ணெய் சுத்தம் பண்ற எடத்துல கடைசில கொஞ்சம் வாயு மிஞ்சும்மா. அடுப்புக்கு கேஸ் சிலிண்டர் வருதில்ல, அந்த மாதிரி. அதுல ஒரு சாதியையும் இன்னொரு சாதியையும் ஒட்ட வெச்சா நல்ல பெட்ரோல் ஆகும். எஞ்சின் தட்டாம ஓடும். ஆனா அதுங்க சும்மா ஒட்டாது. ஒட்டவைக்க அசிட் வேணும்."

அசிட் என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளில் எங்கள் லயத்துக்குக் கரண்ட் வரவில்லை. கார் பெட்டரியில்தான் டிவி பார்த்தோம். சனிக்கிழமை வந்தால் என் வீட்டுக்காரர் பெட்டரியைச் சாக்கில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போய்ச் சார்ஜ் பண்ணிக் கொண்டுவருவார். மகளுக்கு அப்போது பதினொரு வயது இருக்கும். ஒரு தடவை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், வெள்ளைச் சட்டையோடு பாதி வழியில் அவரைக் கண்டு, சாக்கின் மறுபக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் தண்ணீர் விழுகிற பீலிக் கரையில் அந்தச் சட்டையைக் கசக்கும்போது, என் கையிலேயே துணி பொடிப்பொடியாக உதிர்ந்தது. நல்ல துணி, அசிட் பட்டு ஊறவைத்த பிட்டு மாதிரி போயிற்று. அவள் மணிக்கட்டிலும் ஒரு பொட்டு அளவுக்குச் சிவந்திருந்தது. அடுத்த மாதம் புதுச் சட்டை எடுக்கும் வரை, வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றாமல் பள்ளிக்கூடம் போனாள்.

"அம்மா, இருக்கீங்களா?"

"எந்த அசிட்டு? பெட்டரில ஊத்துறதா?"

"ஊர் உலகத்துல பாவிக்கிறது ரெண்டு. ஒண்ணு அதுதான். இன்னொண்ணு அதையும்விட மோசம், கண்ணாடியவே தின்னுரும். காத்துல கெளம்பிச்சின்னா பக்கத்துல ஒருத்தரும் இருக்க ஏலாது. அந்த ரெண்டுமே வேணாங்கிறதுதாம்மா எங்க வேலை. அதுக்குப் பதிலா நாங்க ஒரு உப்பு செய்றோம்."

"உப்பா?"

"உப்புதான். ஆனா தூளா இருக்காது. எண்ணெய் மாதிரி ஓடும்."

"தண்ணி விட்ட உப்பா? இங்க மழைக்கு அப்படித்தான் கெடக்கு."

"இல்லம்மா, அதுல ஒரு சொட்டுத் தண்ணியும் இல்ல. தண்ணியே இல்லாம உப்பே ஓடும். பெட்ரோல் ஆனது மேல மெதக்கும், உப்பு அடியில நிக்கும். மேல உள்ளத வடிச்சிட்டு, அதே உப்ப மறுபடியும் வேலைக்கு விடலாம்."

உப்பு என்றதும் எனக்குப் பாதிப் பயம் போயிற்று. உப்பு எங்களுக்குப் பழக்கமான சாமான். அட்டைக் கடிக்கு உப்பையும் சவர்க்காரத்தையும் சேர்த்துத் துணியில் முடிந்து காலில் தேய்த்துக்கொண்டுதான் மழைக்கால மலைக்கே போவோம். மறுநாள் நிரையில் மதினியிடம் சொன்னேன், "உப்பு செய்றாளாம்."

"இங்க இல்லாத உப்பா?" என்றாள் மதினி. ஆனால் அதற்குப் பிறகு பெட்ரோல் செட்டை விட்டுவிட்டாள்.

பிறகு ஒரு போட்டோ வந்தது. பெரிய கண்ணாடிப் பெட்டி ஒன்றின் முன்னால் மகள் நிற்கிறாள். பெட்டியில் இரண்டு வட்ட ஓட்டைகள். அதில் கறுப்பு ரப்பர் கையுறைகள் பொருத்தியிருக்கின்றன. கைகளைத் தோள்வரை அதற்குள் விட்டுக்கொண்டு சிரிக்கிறாள். உள்ளே ஈரக்காற்றே இல்லாமல் வைத்திருப்பார்களாம். முகம் நன்றாகத் தெரிந்தது. கொஞ்சம் மெலிந்திருந்தாள். விரல்தான் தெரியவில்லை. விளக்குக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தேன், பகலில் வாசலில் நின்று பார்த்தேன். கறுப்பு ரப்பர்தான் தெரிந்தது.

"விரலெல்லாம் நல்லா இருக்கா?" என்று அடுத்த ஞாயிறு கேட்டேன்.

"எல்லாம் எடத்துலயே இருக்கும்மா. எண்ணிப் பாத்துட்டேன்."

அவள் சிரித்தாலும் அந்த வருடம் அவளுக்குச் சிரிக்கிற வருடம் இல்லை. அவளுடைய உப்பு செத்துச் செத்துப் போய்க்கொண்டிருந்தது. அவள் அப்படித்தான் சொல்வாள், செத்துப்போச்சு என்று. கோழிக்குஞ்சைச் சொல்கிற மாதிரி. எங்கேயாவது கொஞ்சம் ஈரம் பட்டால் புகைந்து செத்துவிடும். ஈரம் படாவிட்டாலும், வேலை செய்யச் செய்ய சிவப்பாகப் பிசின் மாதிரி ஒன்று சேர்ந்து அதன் பலத்தைத் தின்றுவிடும். நீண்ட நாள் சாகாமல் வேலை செய்கிற உப்பு ஒன்றை அவள் செய்து காட்ட வேண்டும். காட்டினால் பட்டம் கிடைக்கும். அதோடு அந்த உப்பைப் பெரிய தொழிற்சாலையில் வைத்துப் பார்ப்பார்கள். அதற்கு அவளும் வருடக்கணக்கில் அங்கேயே இருக்க வேண்டும். காட்ட முடியாவிட்டால் புலமைப்பரிசில் முடிகிற அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

நான் அதை இப்படி விளங்கிக்கொண்டேன். உப்பு செத்தால் பிள்ளை வருவாள். உப்பு பிழைத்தால் வரமாட்டாள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவேன். மாரியாத்தாள் முன்னால் நின்று கண்ணை மூடினால், உப்பு என்கிற வரைக்கும் சொல்ல வரும். அதற்கு மேல் வராது. காப்பாத்து என்றால் ஒன்று, கைவிடு என்றால் ஒன்று. உப்பு, ஆத்தா, என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

மதினிதான் சொன்னாள், "ஊர்க் கண்ணு பூரா அவ மேலதான் இருக்கு. லயத்துல இருந்து சீனாவுக்குப் போனா கண்ணு படாதா? சுத்திப் போடு புள்ள."

ஆள் இல்லாதபோது போட்டோவுக்குச் சுற்றலாம் என்றாள். கைப்பிடி உப்பை எடுத்து, அந்தக் கண்ணாடிப் பெட்டிப் போட்டோவை மூன்று சுற்றுச் சுற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் போட்டேன். உப்பு கரைகிற மாதிரி கண்ணும் கரைந்துவிடும் என்பது கணக்கு. செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் செய்தேன். அந்த மாதம் மகளுடைய உப்பு இரண்டு தடவை செத்தது.

நான் சுற்றிப் போடுவதைக் கேட்டதும், அவள் போனில் அவ்வளவு தூரத்திலிருந்து சத்தமாகச் சிரித்தாள்.

"ஐயோ அம்மா, தண்ணிலயா போடுறீங்க? நான் இங்க ஈரமே படாம உயிரைக் குடுத்துப் பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்க அங்க தண்ணிலயே தூக்கிப் போடுறீங்க."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. மதினியிடம் போனேன்.

"தண்ணில போடக் கூடாதாம்."

"அப்ப அடுப்புல போடு. அதுவும் வழக்கந்தானே."

"அடுப்புல போட்டா வெடிக்குமே."

"ஆமா, அவ பெட்டி வெடிச்சுறப் போகுது" என்று மதினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆற்றில் போட முடியாது, தண்ணீர். முச்சந்தியில் போட்டால் மழை. ஐப்பசி அடைமழையில் எங்கள் தோட்டத்தில் ஈரமில்லாத இடம் என்று ஒன்றும் கிடையாது. தலையணை ஈரம், தீப்பெட்டி ஈரம், சுவர் ஈரம். கடைசியில், சுற்றிய உப்பை மூடி போட்ட ஒரு போத்தலில் போட்டு, அடுப்புக்கு மேலே புகை படுகிற பலகையில் வைத்தேன். அங்கேதான் காய்ந்து இருக்கும். ஒவ்வொரு தடவை சுற்றியதையும் அதிலேயே போட்டேன். மலையிலிருந்து வந்து இடுப்பில் கட்டிய படங்கைக் கழற்றியதும், கையைத் துடைத்துக்கொண்டு போத்தலை ஒரு தடவை தொட்டுப் பார்ப்பேன். கட்டி பிடித்திருந்தால் தட்டி உதிர்ப்பேன்.

கண் கழித்த உப்பை ஒரு ராத்திரிகூட வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மதினி அதைக் கண்டபோது அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா? ஊர்க் கண்ண பூரா போத்தல்ல போட்டு அடுப்படில வெச்சிருக்க."

"நனையாம இருக்கட்டும்னுதான்."

அவள் போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஏ புள்ள, அவ உப்பு நின்னா அவளும் அங்கயே நின்னுருவாளே. நீ என்னத்துக்கு இதக் காவல் காக்குற?"

பால் விடாத சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

ஒரு தைப்பொங்கல் முடிந்த பிறகு மகள் வந்தாள். அங்கே அவர்களுக்குப் புதுவருட லீவாம். சீனத் தேயிலை கொண்டுவந்தாள். அவள் அப்பா தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் ரோலர் பக்கம் வேலை செய்தவர். வெந்நீரில் போட்டதும் இலை முழுசு முழுசாக விரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா பாப்பா, தண்ணில போட்டதும் செடியே மொளைக்குது? நம்ம ஸ்டோர்ல இப்படி விட்டா டீமேக்கர் என்னைய அன்னைக்கே வெரட்டி விட்டுருவாரு."

"அங்க இதுதாம்ப்பா தேத்தண்ணி."

"நாம தூளாக்குறதுக்கு இந்தப் பாடு படுறோம். அவன் கிள்ளுனதோட படுத்துக்கிட்டானா?"

நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் எல்லாம் நன்றாகவே இருந்தது. நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள். சாப்பிடும்போது பார்த்தேன், தலை பின்னும்போது பார்த்தேன். அடுப்புக்கு மேலிருந்த போத்தலை அவளே கண்டுபிடித்தாள். மதினி நடந்ததைச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். மகள் போத்தலைக் குலுக்கிப் பார்த்தாள். உள்ளே சலசலவென்று மணல் மாதிரி ஓடியது.

"இந்த மழையில நீங்க ஒங்க உப்ப இவ்வளவு நல்லா வெச்சிருக்கீங்க. எனக்கு அங்க அத்தன மெசினு இருந்தும் முடியல" என்றாள். பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

இருந்த நாட்களில் காலையில் என்னோடு மலைக்குக் கிளம்பி வருவாள். மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். ஒருநாள் பனி இறங்கியிருந்தது. அவள் சால்வையை இழுத்து மூடிக்கொண்டு, மூச்சைப் புகையாக விட்டபடி சொன்னாள்.

"அம்மா, என் பாத்திரத்துக்கு இந்தக் குளிர்தான் வேணும். இதுக்கு மேல சூடானாலும் பெட்ரோல் நல்லா வராது, ரொம்பக் குளிர்ந்தா உப்பு கெட்டியாயிரும். காலையில போனதும் மொதல்ல மெசின்ல இந்தக் குளிரத்தான் வெச்சிட்டு உக்காருவேன்."

அன்று முழுக்க, அந்தத் தூரத்து ஊரில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் எங்கள் மலையின் காலைக் குளிர் இருப்பதை நினைத்துக்கொண்டே கொழுந்து எடுத்தேன். அவள் போன பிறகும் அதையே நினைத்தேன். காலையில் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகக் கதவைத் திறக்கும்போது குளிர் முகத்தில் அடிக்கும். இந்நேரம் அவளும் இதை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றும். கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்பேன்.

அந்த வருடமே, மழை தொடங்கிய சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடித்ததும் நானா கூப்பிட்டார். இரைச்சலுக்குள்ளிருந்து வந்த குரல் வேறு மாதிரி இருந்தது.

"அம்மா, உப்பு சாகல."

"என்னா?"

"இவ்வளவு நாளா ஓடுது, இன்னும் சாகல. இன்னொரு உப்பையும் கொஞ்சம் சேத்துப் பாத்தோம். சார் மூணு தடவ சரிபாத்துட்டாரு. பட்டம் கெடைச்சிரும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது சந்தோசம்தான். அதில் பொய் இல்லை.

"இப்ப பெரிய எடத்துல வெச்சுப் பாக்கப் போறாங்க. வடக்க, ரொம்பக் குளிரான ஊரு. என்னையும் வரச் சொல்றாங்க. ஆனா பேராதனையிலயும் எடம் இருக்குன்னு எழுதியிருக்காங்க. படிப்பிக்கிற வேலை. நீங்க சொல்லுங்கம்மா. வரவா, இருக்கவா?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே வேறொரு பொம்பிளை தன் போனுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்பாகிட்ட கேட்டுட்டு அடுத்த ஞாயிறு சொல்றேன்."

வீட்டுக்கு வந்து, "உப்பு பொழைச்சிருச்சாம்" என்று அவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர், ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக நின்றார். "அப்ப வரமாட்டா" என்றார். அந்த வாரம் அவர் டிவியைப் போடவில்லை.

எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. சாப்பிடக் கூப்பிட்டால் உடனே உட்கார மாட்டோம். வேணாம், இப்பத்தான் சாப்பிட்டேன் என்போம். பசி உயிர் போனாலும் அப்படித்தான். கூப்பிடுகிறவர்களுக்கும் அது தெரியும். இரண்டாம் தடவை கூப்பிடுவார்கள், அப்போதும் வேணாம் என்போம். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுப்பார்கள். அப்போதுதான் உட்காருவோம். முதல் சொல்லிலேயே உட்காருகிறவர்களை மரியாதை தெரியாதவர்கள் என்று நினைப்போம். நான் பிறந்ததிலிருந்து, எனக்கு வேண்டிய எதையும் அப்படித்தான் வாங்கியிருக்கிறேன். வேறு விதமாகக் கேட்க எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு அவள் எடுத்தாள்.

"என்னாம்மா, அப்பா என்னா சொன்னாரு?"

"இரு பாப்பா. இவ்வளவு பாடுபட்டுட்டு விட்டுட்டு வர்றதா? இருந்து பாரு."

இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேட்டாள், "நெசமாத்தான் சொல்றீங்களாம்மா? நீங்க வான்னு சொன்னா வந்துருவேன்."

"நெசமாத்தான். எங்களுக்கென்ன, நாங்க நல்லாத்தான் இருக்கோம்."

சொல்லிவிட்டு ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் இன்னொரு தடவை கேட்பாள். கேட்டதும் வா என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் தொண்டையில் தயாராகவே இருந்தது. என் மகள்தானே, இந்த லயத்தில் வளர்ந்தவள்தானே, இன்னொரு தடவை கேட்பாள்.

"சரிம்மா" என்றாள். அழுத மாதிரி இருந்தது, சிரித்த மாதிரியும் இருந்தது. "அப்ப நாளைக்கே சாருகிட்ட சொல்லிர்றேன். ஒடம்பப் பாத்துக்குங்க. அப்பாவ குளிர்ல போக விடாதீங்க."

வைத்துவிட்டாள்.

நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"என்னக்கா, இன்னைக்கு சுருக்கா முடிஞ்சிருச்சு?" என்றார் நானா.

"மழை விடட்டும், போறேன்" என்றேன்.

தூறல்தான். குடையும் கையில் இருந்தது. தோட்டத்துப் பக்கம் போகிற பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. நான் எழுந்தே விட்டேன். நானா எடுத்துக் கேட்டுவிட்டு, கையால் ரிசீவரின் வாயை மூடிக்கொண்டு வாசல் பக்கம் பார்த்து, "சவூதி, சவூதிக்கு யாரு நிக்கிறீங்க?" என்று கூப்பிட்டார். ஒரு பொம்பிளை ஓடிவந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் மறுபடியும் உட்கார்ந்தேன். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.